அக்காவுக்கு முதல் ஆரத்தி

தை மாதத்துத் திங்கட்கிழமை. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் சிறுவாச்சூரில் இறங்கி, மதுரகாளியம்மன் கோயிலுக்கு நடந்தோம். உள்ளே நுழையும் முன்பே உலக்கைச் சத்தம் காதில் விழுந்தது. வழக்கமாக வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாட்கள்தான் இந்தக் கோயில் நடை திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பக்கத்திலுள்ள பெரியசாமி மலையில் இருப்பதாக நம்பிக்கை.

இங்கே மாவிளக்குப் போடுகிறவர்கள் வீட்டில் அரைத்த மாவைக் கொண்டுவருவதில்லை. கோயிலுக்கு வந்து, அரிசியை ஊறவைத்து, அங்கேயே உரலில் இடிக்கிறார்கள். சின்னம்மா துறையூரிலிருந்து ஒரு படி பச்சரிசியை மஞ்சள் பையில் கட்டி எடுத்து வந்திருந்தார். ஊறிய அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் சுண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விரலால் கிளறிக்கொண்டே இருந்தார். கையில் எடுத்துப் பிடித்தால் ஒட்ட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். அறுபத்தாறு வயதில் உலக்கை பிடிக்க முடியுமா என்று எனக்குப் பயம். எதிரே நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண், "விடுங்கக்கா, மாத்தி மாத்திக் குத்துவோம்" என்று இன்னோர் உலக்கையோடு வந்து நின்றுகொண்டார். இரண்டு உலக்கையும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஏறி இறங்கின. இடித்ததைச் சலித்து, கப்பியை மறுபடி உரலில் போட்டு, கடைசியில் பொடித்த வெல்லம் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போட்டார். நெய் வற்றி, திரியோரத்து மாவு கருகத் தொடங்கும்போது ஒரு வாசனை வரும். என் சிறுவயது முழுவதும் அந்த வாசனைதான்.

சின்னம்மா என் அப்பாவின் இரண்டாம் தாரம். என்னைப் பெற்றவள் எனக்கு ஏழு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அப்பா கட்டிக்கொண்டு வந்தார். பெற்றவளை நான் 'நீ' என்றேன். இவரை 'நீங்க' என்றேன். நாற்பத்தைந்து வருடமாக அது மாறவில்லை. "'நீ'ன்னே கூப்பிடேன் தம்பி" என்று ஒருமுறை அவரே கேட்டார். நாக்கு வரவில்லை. மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மரியாதைதானா என்ற கேள்வி இந்த இரண்டு நாள் பயணம் முழுவதும் கூடவே வந்தது.

தீபாராதனை நேரம் வந்தது. பூசாரி தட்டை எடுத்தவுடன் கூட்டம் கருவறையைப் பார்த்துக் கை குவித்தது. ஆனால் முதல் ஆரத்தி மதுரகாளிக்கு இல்லை. மலையிருக்கும் திசையை நோக்கிச் செல்லியம்மனுக்குக் காட்டிய பிறகுதான் தீபம் மதுரகாளியிடம் வருகிறது. சின்னம்மா சட்டென்று அந்தத் திசைக்குத் திரும்பினார். "அக்காவுக்கு முதல்ல" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

அந்தக் கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு, ஆவேசம் தணியாமல் அலைந்து இந்த ஊருக்கு வருகிறாள். இங்கே ஏற்கெனவே செல்லியம்மன் இருக்கிறாள். ஒரு மந்திரவாதி அவளைத் தன் சக்தியால் கட்டிவைத்து ஏவல் வாங்குகிறான். வந்தவள், இன்றிரவு தங்க இடம் கொடு என்கிறாள். இருப்பவள், என் நிலைமையே இப்படி, நீ எப்படித் தங்குவாய் என்கிறாள். அன்றிரவு வந்த மந்திரவாதியை வந்தவள் தீர்த்துக்கட்டுகிறாள். விடிந்ததும் செல்லியம்மன், இனி இந்த இடம் உனக்கே என்று விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். ஆனாலும் முதல் மரியாதை அவளுக்கு.

சிலப்பதிகாரத்தில் இந்தக் கதை கிடையாது. இளங்கோவின் கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கே நடந்து, சேரநாட்டு மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகம் போகிறாள். காப்பியத்துக்கு அந்த முடிவு பொருத்தம்தான். ஆனால் இந்த மேட்டுநிலத்துச் சனங்களுக்கு அது போதவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு கோபத்தோடு ஒரு பெண் நடந்துபோகிறாள், அவளுக்கு ஒருவேளைச் சோறும் ஓர் இரவு படுக்க இடமும் யார் கொடுத்தார்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். விடை சொல்ல இன்னொரு பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். மதுரைக் காளி மதுரகாளி ஆனாள். நெருப்பு வைத்தவளுக்கு வெல்ல மாவில் விளக்கு.

இதில் என்னை நிறுத்தியது, பின்னால் வந்தவளும் முன்னால் இருந்தவளும் எப்படி ஒரே ஊரில் இருப்பது என்ற சிக்கலை இந்தச் சடங்கு தீர்த்துவைத்திருக்கும் விதம். வீடு இளையவளுக்கு, முதல் தீபம் மூத்தவளுக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சின்னம்மா என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எப்போதும் 'அக்கா' என்றுதான் சொல்வார். என் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போன பெண்ணுக்கு, வீட்டில் நல்ல காரியம் நடக்கும் முன்பு புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். அம்மாவுக்கு அரக்கு நிறம் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நிறத்தில் சேலை எடுத்து வந்திருந்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, அதைப் பார்க்கும் கண் ஏன் இல்லாமல் போயிற்று? ஊரும் கதையும் சினிமாவும் சொல்லிக்கொடுத்த ஒரு சித்தி ஏற்கெனவே என் தலைக்குள் இருந்தாள் என்பதுதான் நான் கண்ட பதில். எட்டு வயதில், புதிதாக வந்தவர் தட்டில் சோறு போடும்போது அளவு குறைகிறதா என்று கவனித்தேன். குறையவில்லை. குறையவில்லை என்பதையே சந்தேகப்பட்டேன். அப்பா பார்க்கிறார், அதனால் போடுகிறார் என்று.

கைகேயியை எடுத்துக்கொள்ளுங்கள். ராமனுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்று கூனி வந்து சொன்னதும், கம்பனின் கைகேயி மகிழ்ந்துபோய் மாலையொன்றைப் பரிசளிக்கிறாள். அந்தக் கணத்தில் அவள் ராமனின் தாய். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நாம் வைத்துக்கொண்டோம். அந்த மாலையை மறந்தோம். மேற்கிலும் இதே வேலை நடந்திருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். தாய் என்ற சொல்லில் கறை படக் கூடாது, ஆனால் கதைக்குக் கொடியவள் வேண்டும். அந்த இடத்துக்குக் கல்யாணமாகி உள்ளே வந்த பெண்ணைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நம் நல்லதங்காள் கதையிலும் கொடுமை செய்வது அண்ணி, மூளி அலங்காரி.

தமிழ்ச் சினிமா முழுக்கவே இந்தத் தவறைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். 1966இல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சித்தி'யில், உடன்பிறந்தவர்களுக்காக வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போகும் பெண்ணாகப் பத்மினி வருகிறார், கணவராக எம்.ஆர்.ராதா. அந்தப் படத்தில் சித்திதான் வீட்டைத் தாங்குகிறவள். 1999 டிசம்பரில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடர் தொடங்கியபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தெருவே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். சின்னம்மா மட்டும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். "வாங்க சின்னம்மா, ஆரம்பிச்சாச்சு" என்று கூப்பிட்டேன். "அந்தப் பேரப் போட்டு ஊரே கத்துது. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். அப்போது சிரித்தேன். இப்போது யோசிக்கிறேன்: இருபது வருடமாகத் தெருவில் தன்னைப் பின்தொடர்ந்து வந்த ஒரு சொல், திடீரென்று எல்லா வீட்டுத் திரையிலும் பெரிய எழுத்தில் வந்தால் ஒருவருக்கு எப்படி இருக்கும்?

பெரம்பலூருக்குத் திரும்பி அரியலூர் பேருந்து ஏறினோம். கரிசல் நிலம். சாலையோரத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். இது சின்ன வெங்காயத்துக்கும் பேர்போன மண். காடுகளுக்குள்ளே வெங்காயப் பட்டறைகள் தெரிந்தன. காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி கம்பும் கீற்றும் கட்டி, தரையில் படாமல் உயர்த்தி வைத்த நீளக் கூண்டுகள். தன் பிறந்த ஊர்ப்பக்கம் வந்ததும் சின்னம்மாவின் பேச்சே மாறிவிட்டது. ஒவ்வொரு பட்டறையும் சரியாகக் கட்டியிருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த இரண்டு மாவட்டங்களின் கதையே ஒரு குடும்பக் கதைதான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனியானது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மறுபடி சேர்த்தார்கள். 2007இல் மீண்டும் பிரித்தார்கள். அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகளும் வெள்ளைத் தூசியும். சிமெண்ட் ஆலைகள் தோண்டியெடுக்கும் அந்தக் கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் எச்சம். சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய 18 மீட்டர் கல்மரம் படுத்துக்கிடக்கிறது. அதைப் பார்க்க இந்தமுறை நேரமில்லை.

அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் கிடந்த நாளிதழைச் சின்னம்மா எடுத்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தலைப்புகளை வாய்விட்டுத்தான் படிப்பார். "தமிழ்நாட்டை... மாற்றாந்தாய்... மனப்பான்மையோடு..." என்று படித்து நிறுத்தினார். நிதி ஒதுக்கீடு பற்றிய யாரோ ஒரு தலைவரின் அறிக்கை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்தக் கட்சி எதிர்த்தாலும், இந்தத் தொடர் வந்தபடிதான் இருக்கிறது. ஓர் ஒன்றியக் குழுவில் சாலை போடவில்லை என்றாலும் மாற்றாந்தாய், தில்லியில் பணம் தரவில்லை என்றாலும் மாற்றாந்தாய். நானும் பத்திரிகைக்கு எழுதுகிறவன். இதே தொடரை நானும் எழுதியிருக்கிறேன், ஒருமுறை அல்ல. சின்னம்மா தாளை நான்காக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "டீ ஆறுது தம்பி" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை.

மதியத்துக்குமேல் தஞ்சாவூர்ச் சாலையில் கீழப்பழுவூர் போனோம். பழுவூர் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு கதவு திறக்கும். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னின் பெரிய பழுவேட்டரையர், அறுபத்துநான்கு விழுப்புண்களோடு, முதிய வயதில் நந்தினியிடம் மயங்கிக் கிடக்கும் தனாதிகாரி. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் வந்தபிறகு, படிக்காதவர்களுக்கும் அவர் சரத்குமார் முகத்தோடு தெரிந்துவிட்டார். கல்கி நந்தினியை அழைக்கும் பெயர் 'பழுவூர் இளைய ராணி'. அந்த 'இளைய' என்ற ஒற்றைச் சொல்லிலேயே சந்தேகம் முழுவதையும் வாசகர் படித்துவிடுகிறார். கல்கி பெரிய ஆள். நந்தினியைப் பழிவாங்கும் பெண்ணாக மட்டும் விட்டுவிடாமல், அவள் காயத்தையும் நமக்குக் காட்டினார். அதே நாவலில், ஊமை ராணி மந்தாகினி தான் பெறாத அருள்மொழிக்குக் காவலாக நிற்கிறாள். ஆனாலும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் பழுவூர் நிறுத்தம் வந்ததும் பேசிக்கொண்டது நந்தினியைப் பற்றித்தான்.

நிஜப் பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குப் பெண் கொடுத்த குறுநில மன்னர்கள். அவர்களின் ஊர் இன்று கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று பிரிந்து கிடக்கிறது. கல்வெட்டுகளில் வரும் அவனிகந்தர்ப்பபுரம் இந்தக் கீழையூர்ப் பகுதிதான். இங்கே ஒரே மதிலுக்குள் இரண்டு கோயில்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி, முதலாம் ஆதித்தன் காலத்துப் பணி. தென்வாயில் கோயில், வடவாயில் கோயில். இரண்டும் மேற்கு பார்த்தவை. ஒன்றை ஒன்று மறைக்காத இடைவெளி. ஆள் நடமாட்டம் இல்லை. கிளிகளின் சத்தம் மட்டும். ஒரு விமானத்தின் நிழல் மற்றதன் அடிப்பகுதியில் விழுந்திருந்தது. சின்னம்மா இரண்டு சந்நிதியிலும் தலா ஒரு சூடம் ஏற்றினார்.

பழுவூர் என்றதும் எனக்கு இப்போது நினைவுக்கு வருவது நந்தினி அல்ல, பஞ்சவன்மாதேவி. முதலாம் ராஜராஜனின் தேவியரில் ஒருவர். இந்தப் பழுவேட்டரையர் குடியில் பிறந்தவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செப்புத் திருமேனிகள் அளித்தவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன்மாதேவி. எனவே பஞ்சவன்மாதேவி அவனுக்குச் சிற்றன்னை. கும்பகோணத்துக்கு அருகே பட்டீச்சரத்தையொட்டிய ராமநாதன்கோயிலில், அந்தச் சிற்றன்னையின் பெயரால் ராஜேந்திரன் ஒரு பள்ளிப்படைக் கோயில் எடுத்தான்: பஞ்சவன்மாதேவீச்சரம். அவனது ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. சில வருடங்களுக்கு முன் அந்தச் சிறிய கோயிலின் முன்னால் நின்றிருக்கிறேன். கங்கைவரை படை அனுப்பியவன், கடல் கடந்து கடாரம்வரை கப்பல் விட்டவன்; இறந்துபோன சிற்றன்னைக்காக அடக்கமாக ஒரு கோயிலைக் கட்டிவைத்திருக்கிறான். ஏன் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்வெட்டு நிலத்தையும் நெல்லையும் எண்ணெயையும் கணக்குச் சொல்லும், பாசத்தைச் சொல்லாது. கோயில் கட்டியதுதான் அவன் சொன்ன சொல்.

இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். தென்வாயில் கோயில் படியில் உட்கார்ந்து கால் நீட்டியபடி கேட்டார். "பெத்தவங்க இருந்தாங்களா அப்போ?" என்றார். தெரியாது என்றேன். "இருந்திருந்தா அவங்களும் சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார். பெற்றவளைப் பற்றி முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அடைக்கல மாதா ஆலயம். இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, வீரமாமுனிவராகி நெடுங்காலம் தங்கிப் பணிசெய்த ஊர். இதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். அவருடைய தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். அந்த அளவைவிட என்னை வியக்கவைப்பது, அவர் தேர்ந்தெடுத்த தலைவன். இயேசுவைப் பாட்டுடைத் தலைவனாக வைத்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் வளனை வைத்தார். வளன் என்பது சூசையப்பருக்கு அவர் சூட்டிய தமிழ்ப்பெயர். பெற்றவர் அல்ல, வளர்த்தவர். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவர் எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், தச்சுவேலை செய்தார், அவ்வளவுதான். அந்த மௌனமான வளர்ப்புத் தந்தைக்குத் தமிழில் ஒரு பெருங்காப்பியம்.

இதை வெளிநாட்டுப் பாதிரியாரின் விருப்பம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கற்றுக்கொண்ட தமிழில் அதற்கான இடம் ஏற்கெனவே இருந்தது. நம் அகப்பாடல்களில் பெற்ற தாயைப்போலவே செவிலிக்கும் பேச்சு உண்டு. மகள் உடன்போக்குப் போனபின் பாலை வழியில் அவளைத் தேடிப் போகிறவளும், எதிர்ப்படுகிறவர்களிடம் விசாரிக்கிறவளும் செவிலிதான். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகியின் கோயிலுக்கு வந்து அரற்றுகிறவர்களில் அவளை வளர்த்த காவற்பெண்டும் ஒருத்தி. வளர்த்தவள் என்ற உறவுக்கு இலக்கணமே எழுதிவைத்த மொழி, எப்போது 'மாற்றாந்தாய் மனப்பான்மை'யைத் தலைப்புச் செய்தியாக்கிக்கொண்டது?

ஆலயத்தில் சின்னம்மா மெழுகுவத்தி ஏற்றினார். "இவங்களும் அடைக்கலம் கொடுக்கற அம்மாதானே" என்றார். காலையில் சிறுவாச்சூரில் கேட்ட கதை அவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அரியலூரில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்டசோழபுரம். வழியெல்லாம் முந்திரிக்காடு. தந்தை கட்டிய தஞ்சையை விட்டுவிட்டு மகன் தனக்கென்று உண்டாக்கிய தலைநகரம் இது. 1035 வாக்கில் முடிந்த இந்தக் கோயிலின் விமானம், யுனெஸ்கோ குறிப்பின்படி 53 மீட்டர். தஞ்சை ஏறத்தாழ 60. அப்பாவைத் தாண்டக் கூடாது என்று குறைத்தான் என்பார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள், எல்லா அப்பன்களும் தலையாட்டுகிறார்கள். நம் வீட்டில் நடக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதைக் கல்லில் படித்துக்கொள்கிறோம். தஞ்சை நிமிர்ந்து நேராக ஏறுகிறது. இது உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. இங்கே இருந்த திருச்சுற்று மதில் கற்களைப் பெயர்த்து 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள்தான் மிச்சம்.

வடக்கு வாயில் படிக்கட்டுப் பக்கம் சண்டேச அனுக்கிரகமூர்த்தி. நான் பார்க்க வந்தது இந்தச் சிற்பத்தைத்தான். சிவன் ஒருகாலை மடித்து உமையோடு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் கைகூப்பிக் குனிந்திருக்கும் இளைஞன். சிவனின் கைகள் அவன் தலையில் ஒரு பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுற்றி முடிக்கவில்லை, பாதிச் சுற்றில் நிற்கிறது கல். அந்த விரல்களைக் கவனித்தால், முடிசூட்டும் கைகளாக எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தலைவாரிவிடும் கைகள். பையன் முகத்தில் பெருமிதம் இல்லை. அசையக் கூடாது என்று சொன்னதற்காக அசையாமல் இருக்கும் பிள்ளையின் முகம்.

கதை கடுமையானது. சேய்ஞலூர் விசாரசருமன் மாடு மேய்க்கிறான். மண்ணியாற்று மணலில் லிங்கம் செய்து பாலைக் கொட்டுகிறான். ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தன் வந்து அடிக்கிறான்; பையன் கவனம் கலையவில்லை. தந்தை பால்குடத்தைக் காலால் இடற, பையன் கையில் எடுத்த கோல் மழுவாகித் தந்தையின் காலை வெட்டுகிறது. அப்போது சிவன் தோன்றி, இனி உனக்குத் தந்தை நானே என்று அணைத்துக்கொள்கிறார். சேக்கிழார் இதை விரித்து எழுதியது இந்தச் சிற்பத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னால். ஆனால் தேவாரம் அறிந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். ராஜேந்திரன் தன்னையே இங்கே சண்டேசனாக வைத்துக்கொண்டான், இறைவன் கையால் முடி பெறுகிறான் என்று கலை வரலாற்று அறிஞர்கள் பலர் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பை மறுக்கவில்லை. அரசனுக்கு அது அரசியல். ஆனால் இங்கே வந்து நிற்கும் சாதாரண ஆளுக்கு அது இன்னொன்றையும் காட்டுகிறது. பெற்றவரை இழந்த பிள்ளையை இன்னொருவர் ஏற்கும்போது, அந்தப் பிள்ளை ஏற்கெனவே காயப்பட்டும் காயப்படுத்தியும் வந்திருக்கிறது. சிற்பி மழுவையும் வெட்டுண்ட காலையும் நடுவில் வைக்கவில்லை. கதையின் முன்பகுதியைப் பக்கத்துச் சிறிய சிற்பங்களுக்கு ஒதுக்கிவிட்டு, நடுவில் மாலை சுற்றும் கைகளை வைத்தான். எது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது அவன் எடுத்த முடிவு. எட்டு வயதில் நான் இந்தச் சிற்பத்தைப் பார்த்திருந்தால், தட்டில் விழும் சோற்றை அளந்திருக்க மாட்டேனோ என்னவோ.

சின்னம்மா நெடுநேரம் நின்றார். "அந்த அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க பாரு" என்றார். உமையை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. இத்தனை வருடமாக இந்தச் சிற்பத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் சிவனையும் பையனையும் பற்றித்தான்.

அருகில் சண்டேசர் சந்நிதி. சோழர் காலத்தில் கோயில் சொத்துக்கெல்லாம் அவர்தான் கணக்கு. விற்பதும் வாங்குவதும் ஆதிசண்டேசுவரர் பேரில்தான் நடக்கும். அதனால்தான் அவர் முன்னால் போய்க் கைகளைத் தட்டிக் காட்டுவது, இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று சொல்ல. சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தட்டி, விரித்துக் காட்டினார். உலக்கை பிடித்ததில் வலது கைக் கட்டைவிரலடியில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. முதல் நாள் முழுவதும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசலில் திருச்சிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, மஞ்சள் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். மாவிளக்கு மாவு. நெய் இலையைத் தாண்டிக் கசிந்திருந்தது.

"பிள்ளைங்களுக்குக் குடு. வீட்டுக்குப் போனதும் முதல்ல அக்கா படத்துக்கு முன்னால வச்சுட்டு, அப்புறம் குடு."

"நீங்க சாப்பிடலையா சின்னம்மா?"

"எனக்கு அப்புறம்" என்றார், பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே.